உடையும் பொருள், ஒளியும் சொல்

தாராவியில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தச் சந்தின் கடைசியில் ஒரு வீடு. இரும்பு ஏணியில் ஏறினால் மாடியில் ஒரு சின்ன அறை. ராத்திரி எட்டரை மணிக்கு அங்கே எழுத்து வகுப்பு நடக்கும். வகுப்பு எடுக்கிற பெண் பக்கத்துச் சந்துக்காரி. வயதில் எல்லாருக்கும் சின்னவள். ஆனாலும் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அது செல்போன் கைக்கு வராத காலம். ஊருக்கும் தாராவிக்கும் நடுவில் கடுதாசிதான்.

வகுப்புக்கு இட்லிக்கார அண்ணாச்சி ஒருவர் வருவார். திருநெல்வேலிப் பக்கம் ஊர். விடியும் முன்னே எழுந்து இட்லி அவிப்பார். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று சுற்றுவார். மனக்கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எழுத்துதான் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் சிலேட்டு வாங்கினார். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் ஊரிலிருந்து கடுதாசி வந்தது. அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையன் எழுதியது. முன்பெல்லாம் கடுதாசி வந்தால் யாரையாவது தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்வார். இந்தத் தடவை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே படித்தார். ராத்திரி வகுப்புக்கு வரும்போது கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"அடுக்களைச் சுவரு முடிஞ்சிட்டு. எல்லாரும் எடுத்துக்கிடுங்க" என்றார்.

அந்தச் சுவருக்காகத்தான் அவர் மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஜிலேபி தின்றார்கள். அண்ணாச்சி தானே கடுதாசி படித்துவிட்டார் என்பதில் எல்லாருக்கும் பெருமை.

மூன்று வாரம் கழித்து ஊரிலிருந்து அக்கா மகன் வந்தான். வந்ததும் கேட்டான்: "என்ன மாமா, சுவரு இடிஞ்சு கிடக்கு. ஆச்சி மழையில சாக்கைக் கட்டிக்கிட்டுச் சோறு பொங்குது. ஒரு பதில்கூடப் போடலியே?"

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து கடுதாசியை எடுத்தார். அதில் இப்படி இருந்தது:

"நீ அனுப்பிய பணம் வந்தது. அடுக்களைச் சுவர் இடிந்தது. மழை நிற்கவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்."

இடிந்தது. முடிந்தது. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

இ டி ந் த து
மு டி ந் த து

நான்கு எழுத்து ஒன்றுதான். முதல் எழுத்து மட்டும் வேறு. அண்ணாச்சியின் மனதில் 'முடிந்தது' என்ற சொல் முன்பே தயாராக இருந்தது. கண் எழுத்தைப் பார்க்கவில்லை. மனம் சொன்னதைப் படித்துவிட்டது.

அன்றைக்கு அவர் வகுப்பில் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும் சொன்னார்: "படிக்கத் தெரியாம இருந்தப்ப, யார்கிட்டயாவது கொடுத்துக் கேட்டிருப்பேன்."

அது சரியான பேச்சுதான். அரைகுறையாகப் படிப்பதில் இந்த ஆபத்து உண்டு. ஒன்றும் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். பாதி தெரிந்தவர் தானாக ஊகித்துக்கொள்வார். இது அண்ணாச்சிக்கு மட்டும் வந்த தவறு இல்லை. நிறையப் படித்தவர்களும் அவசரத்தில் இப்படித்தான் படிக்கிறார்கள்.

மறுநாள் டீச்சர் கரும்பலகையில் பாடம் எழுதவில்லை. ஒரே ஒரு வரி எழுதினாள்.

அடிக்கடி காரம் சாப்பிட்டால் வயிறு எரியும்.

"இந்த வரியில ஒரு பொருள் ஒளிஞ்சிருக்கு. நம்ம வீட்டில இருக்கிற பொருள். கீழே போட்டா உடையும். யாரு கண்டுபிடிப்பீங்க?"

சொல் எப்படி ஒளிகிறது?

நீங்களும் தேடுங்கள். வரியை ஒரு தடவை படித்தால் காரமும் வயிறும்தான் தெரியும். பொருள் தெரியாது. ஏனென்றால் அது ஒரு சொல்லுக்குள் இல்லை. ஒரு சொல்லின் கடைசியிலும் அடுத்த சொல்லின் முதலிலுமாகப் பாதி பாதியாக இருக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை மறந்துவிட வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

அ, டி, க், க, டி, கா, ர, ம்...

க, டி, கா, ர, ம். கடிகாரம்!

இந்த விளையாட்டில் ஊகம் உதவாது. முதல் எழுத்தைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. ஒரு எழுத்தைத் தாண்டிப் போனாலும் சொல் கிடைக்காது. அதற்காகத்தான் டீச்சர் இதைக் கொண்டுவந்தாள்.

இனி எட்டு வரிகள். எட்டிலும் உடையக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. கீழே விடை இருக்கிறது. உடனே அங்கே பார்த்துவிடாதீர்கள்.

1. அக்காவுக்கு வளையல் வாங்கினான்.
(இதில் தண்ணீர் குடிக்கலாம்.)

2. தாத்தாவுக்கு டம்ளரில் காபி கொடு.
(குழாயடியில் வரிசையாக நிற்கும்.)

3. அவன் மனைவி சிறிது நேரம் தூங்கினாள்.
(கரண்டு போனால் இதைத் தேடுவோம்.)

4. கோபம் பரம்பரைச் சொத்து இல்லை.
(கயிறு சுற்றி விட்டால் ஆடும்.)

5. ஒரு பக்கம் பம்பாய், மறுபக்கம் திருநெல்வேலி.
(தெருவில் நிற்கும். விளக்கைத் தாங்கும்.)

6. ஐம்பது பைசா விலை ஏறியது.
(சின்னப் பொருள். இது இல்லாவிட்டால் வீட்டுக்குள் போக முடியாது.)

7. நாமே சைக்கிள் ஓட்டுவோம்.
(நான்கு கால் உண்டு. நடக்காது.)

8. பல கைகள் சேர்ந்தால் பாரம் குறையும்.
(மரத்தை அறுத்தால் கிடைக்கும்.)

ஏழாவது வரியைப் பற்றி ஒரு சேதி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் கற்றார்கள். விழுந்து முழங்கால் சிராய்த்தவர்களும் உண்டு. சைக்கிளை விடவில்லை.

விடைகள்: 1. குவளை. 2. குடம். 3. விசிறி. 4. பம்பரம். 5. கம்பம். 6. சாவி. 7. மேசை. 8. பலகை.

முதல் வரியில் வளையலும் உடையும் பொருள்தானே என்று கேட்கிறீர்களா? சரிதான். வளையல் வெளியே நிற்கிறது. குவளை ஒளிந்து நிற்கிறது. வகுப்பில் பாதிப்பேர் வளையலைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

எல்லாம் உடையுமா?

விடை சொன்னதும் வகுப்பில் சண்டை வந்துவிட்டது.

"விசிறி எங்க உடையும்? ஓலை விசிறி கிழியும். காம்பு ஒடியும்" என்றார் ஒரு பெரியம்மா.

"பம்பரம் உடையாது, பிளக்கும்" என்றான் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன். ஊரில் பம்பரக் குத்து விளையாடியவன். அவனுக்குத் தெரியாதா?

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினாள். குடம் உடையும். குச்சி ஒடியும். கம்பம் முறியும். கயிறு அறும். சேலை கிழியும். சுவர் இடியும். பலகை பிளக்கும். அப்பளம் நொறுங்கும். வாசலில் போட்ட பூக்கோலம் கலையும் என்றார் பெரியம்மா. அதையும் எழுதினாள்.

இவ்வளவு சொற்களும் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நமக்குத் தெரிந்த சொற்கள் ஏராளம். அவற்றின் எழுத்துத்தான் புதிது.

ஏன் ஒரு பொருள் உடைகிறது, இன்னொன்று வளைகிறது? இரும்புக் கம்பியை அழுத்தினால் வளையும். ஈர்க்கும் கொஞ்சம் வளைந்த பிறகுதான் ஒடியும். கண்ணாடி அப்படி இல்லை. சுட்ட மண்ணும் அப்படி இல்லை. அவை விட்டுக்கொடுக்காது. ஓரிடத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். அடி விழுந்ததும் கீறல் ஓடிப் பிளந்துவிடும்.

கும்பார்வாடா

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிக் கும்பார்வாடா இருக்கிறது. குயவர்கள் வாழும் இடம். குஜராத்தில் சௌராஷ்டிரப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மண் வேலை செய்கின்றன. பானை, பூந்தொட்டி, உண்டியல் எல்லாம் கிடைக்கும். தீபாவளி நெருங்கினால் அகல் விளக்கு மலை மலையாகக் குவியும். சூளை போடும் நாளில் புகை கண்ணைக் கரிக்கும். அதைத் தாராவியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்கலாம். சக்கரத்திலிருந்து எடுத்துக் காய வைத்த பானை உடைந்தால் குயவர் கவலைப்பட மாட்டார். துண்டுகளைத் தண்ணீரில் போடுவார். ஊறிக் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அதே மண்ணில் வேறு பானை செய்யலாம். சூளையில் வெந்த பானை உடைந்தால் அவ்வளவுதான். எத்தனை நாள் ஊறினாலும் ஓடு ஓடாகவே இருக்கும். சுமார் 600 டிகிரி சூட்டுக்கு மேல் போனால் மண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. சூடு இன்னும் ஏறும்போது மண் துகள்கள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு அது பழைய மண் இல்லை.

பானை வாங்கத் தெரிந்தவர்கள் கண்ணால் மட்டும் பார்த்து வாங்க மாட்டார்கள். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்று கணீரென்று கேட்டால் நல்ல பானை. 'டொக்' என்று அடைத்துக் கேட்டால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். காதுக்குத் தெரிந்துவிடும். டீச்சர் இதைச் சொன்னபோது அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"அப்போ கடுதாசியையும் தட்டிப் பாத்துத்தான் வாங்கணும்" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. வாய்விட்டுப் படிச்சா காதுக்குத் தெரிஞ்சிடும்."

உடைந்த பானை ஓட்டைக் குப்பை என்று நினைக்கிறோம். மதுரைக்குப் பக்கத்தில் வைகைக் கரையில் கீழடி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 2014-ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டி ஆராயத் தொடங்கினார்கள். மண்ணுக்குள் பழைய வீடுகளின் செங்கல் கட்டடம் வந்தது. உறைகிணறு வந்தது. உடைந்த பானை ஓடுகள் ஏராளமாக வந்தன. அவற்றில் சில ஓடுகளில் எழுத்துக் கீறியிருந்தது. தமிழின் பழைய எழுத்து. ஓர் ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய எழுத்து இது. ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்ற ஊரிலும் இப்படிப் பெயர் கீறிய ஓடுகள் நிறையக் கிடைத்தன.

ஆதன் அரசன் இல்லை. கல்லில் வெட்டி வைக்க அவனுக்கு ஆள் இல்லை. பானையில் பேர் இருந்தது. பானை உடைந்தது. பேர் உடையவில்லை.

குழாயடியில் நம் குடங்களுக்கும் அடையாளம் வைக்கிறோம். சிவப்புப் பெயின்டில் ஒரு புள்ளி. கழுத்தில் ஒரு துணி முடிச்சு. வகுப்புத் தொடங்கிய பிறகு அந்தச் சந்தில் சில குடங்களில் புள்ளிக்குப் பதில் பேர் வந்தது.

காயம் பட்ட கை

வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி பதிமூன்றாம் காம்பவுண்டில் வேலை செய்தாள். தாராவியில் பழைய பிளாஸ்டிக்குகள் வந்து சேரும் இடம் அது. உடைந்த வாளி, நாற்காலி, டப்பா, பொம்மை எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் உட்கார்ந்து வகை பார்த்து, நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். பிறகு மிஷினில் போட்டுத் துண்டு துண்டாக அரைப்பார்கள். கழுவி மாடியில் காய வைப்பார்கள். உருக்கி நூல் மாதிரி இழுத்து, அரிசி மணி அளவுக்கு நறுக்குவார்கள். அதற்குத் 'தானா' என்று பேர். அந்தத் தானா மறுபடி வாளியாகும். உடைந்த பானை மண்ணாகாது. உடைந்த வாளி வாளியாகிறது.

ஒரு நாள் அவள் வலது கையில் பெரிய கட்டோடு வந்தாள். பிளாஸ்டிக் மூட்டைக்குள் யாரோ உடைந்த டியூப்லைட்டைப் போட்டிருக்கிறார்கள். கையை உள்ளே விட்டிருக்கிறாள். சயான் ஆஸ்பத்திரியில் மூன்று தையல். தனுர்வாதம் வராமல் இருக்க ஒரு ஊசி. பத்து நாள் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

பென்சில் பிடிக்க முடியாததால் அவள் இடது கை விரலை எழுத்தின் மேல் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பத்து நாளும் புதிர்களை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். எழுதுகிற அவசரம் இல்லை. அதனால் எழுத்து ஒன்றும் தப்பவில்லை.

அவளுக்காக டீச்சர் எழுதிய வரிகள் இவை. கொஞ்சம் கடினம்.

1. ரேஷன் அரிசி மினி லாரியில் வந்தது.
(மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இருக்கும் கண்ணாடி. சிலர் வேறு மாதிரியும் உச்சரிப்பார்கள்.)

2. ராஜா டிபன் கொண்டு போனான்.
(ஊறுகாய் போட்டு வைப்போம்.)

3. சுண்ணாம்பு பூசக் கரம் போதாது, மட்டை வேண்டும்.
(குயவர் வீட்டில் சுற்றும். கரம் என்றால் கை.)

4. தோல் பட்டறையில் அகலப் பை தைத்தார்கள்.
(உழவருக்கு வேண்டும்.)

மூன்றாவது, நான்காவது வரிகளில் ஒன்றைக் கவனியுங்கள். 'பூசக்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'க்' இருக்கிறது. 'அகலப்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'ப்' இருக்கிறது. எழுதும்போது இந்த எழுத்துகளைப் பலர் விட்டுவிடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. அந்த ஒற்று இல்லையென்றால் ஒளிந்த சொல் அறுந்துபோகும். சக்கரம் கிடைக்காது. கலப்பை கிடைக்காது.

முதல் இரண்டுக்கு விடை சிமினி, ஜாடி. சிமினியைச் சிலர் சிம்னி என்று சொல்வார்கள்.

எழுத்தை ஒளித்து வைக்கும் ஆட்டம் தமிழில் மிகப் பழையது. தண்டியலங்காரம் என்ற பழைய இலக்கண நூல் இதற்குப் பேரே வைத்திருக்கிறது. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துப் பாடினால் அது 'கரந்துறைச் செய்யுள்'. கரந்து என்றால் மறைந்து. உறைதல் என்றால் தங்கியிருத்தல். பத்திரிகைகளில் வரும் குறுக்கெழுத்துக் கட்டம் பிற்காலத்தில் வந்தது. ஆர்தர் வின் என்பவர் 21-12-1913 அன்று அமெரிக்காவில் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் முதல் கட்டத்தைப் போட்டார்.

இரண்டு எழுத்து

கை வெட்டுப்பட்டதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. டியூப்லைட்டைக் குப்பையில் போட்டவரை எல்லாரும் திட்டினார்கள். அப்போது பெரியம்மா கேட்டார்: "நம்ம வீட்டில கண்ணாடி உடைஞ்சா நாம என்ன செய்யறோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அப்படியே கூட்டிக் கச்சராவில் போடுகிறவர்கள்தான்.

கண்ணாடி உடைந்தால் முதலில் பிள்ளைகளை விலக்குங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். பெரிய துண்டுகளைத் தடித்த துணியால் பிடித்து எடுங்கள். தூளை ஈரத் துணியில் ஒற்றி எடுக்கலாம். எல்லாவற்றையும் நான்கைந்து மடிப்புப் பழைய பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டுங்கள். டியூப்லைட் உடைந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம், தூசி கிளம்பும். அட்டையால் வாரிப் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயிலும் பாதரசம் உண்டு. அது உருண்டு ஓடும், பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகள் தொட விடாதீர்கள்.

கையில் வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கையை உயரத் தூக்கி வையுங்கள். கண்ணாடி ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்புகிற வழக்கத்தை விட்டுவிடலாம்.

பொட்டலம் கட்டினால் போதுமா? குப்பை பிரிக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

"மேல எழுதணும்" என்றாள் கையில் கட்டுப் போட்டவள்.

'கண்ணாடி' என்று எல்லாரும் எழுதினார்கள். க, ண், ணா, டி. மூன்று சுழி 'ண்', அதன் பக்கத்தில் 'ணா'. இரண்டும் தப்பாமல் வந்தது ஐந்து பேருக்குத்தான். பிறகு இன்னொரு சிக்கல் தெரிந்தது. மும்பையில் குப்பை பிரிக்கிற எல்லாருக்கும் தமிழ் தெரியாது. கீழ் வீட்டில் ஒரு மராத்திக்கார அம்மா இருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை மராத்தியில் 'காச்' என்பார்களாம். எழுதினால் இரண்டே எழுத்து. அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். மேலே ஒரு கோடு, அதில் தொங்குகிற மாதிரி இரண்டு எழுத்து. தமிழ் எழுத்தே இப்போதுதான் பழகியவர்கள், மராத்தி எழுத்தைச் சிலேட்டில் வரைந்து வரைந்து பார்த்தார்கள். மராத்திக்கார அம்மா போகும்போது, தனக்குத் தமிழில் தன் பேரை எழுதிக் காட்டச் சொன்னார்.

நீங்களும் உங்கள் சந்தில் யாரையாவது கேட்டு அந்த இரண்டு எழுத்தை எழுதிப் பாருங்கள். அடுத்த முறை பொட்டலம் கட்டும்போது வேண்டியிருக்கும்.

இரண்டு வரிகள்

அண்ணாச்சி ஊருக்குப் பணம் அனுப்பினார். பதில் வந்தது. இந்தத் தடவை வகுப்புக்குக் கொண்டுவந்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். மழை முடியும் வரை புதுச் சுவர் எழுப்ப முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம். அதுவரைக்கும் இடிந்த பக்கம் இரும்புத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்களாம். அம்மா இப்போது நனையாமல் சமைக்கிறாராம்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினாள்:

ஊரிலிருந்து வந்த கடுதாசி.

அண்ணாச்சி எழுந்து கிட்டே போனார். வ, ந், த, க, டு... விரல் பின்னால் போய் மறுபடி வந்தது. "தகடு!" என்றார். அப்புறம் சிரித்தார். "சுவரு இருந்த இடத்தில இப்ப அதுதான் நிக்கி."

தையல் பிரித்த மறுநாள் அந்தப் பெண் வேலைக்குப் போனாள். ராத்திரி வகுப்புக்கு வர ஒன்பது மணி ஆகிவிட்டது. அடுத்த நாளும் தாமதம். ஏணியில் அவள் தலை தெரிந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "இன்னைக்கும் தங்கச்சி லேட்டு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். உதட்டை அசைத்து அதையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் சாக்பீஸ் வாங்கினாள். தழும்பு விழுந்த கையால், அண்ணாச்சி சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினாள்.

இன்னைக்கும் தங்கச்சி லேட்டு.

"இதுக்குள்ள ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. உங்க மடியிலயும் இருக்கு. போட்டா உடையும். தேடுங்க."

அண்ணாச்சி எழுந்து வந்தார். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இ..." என்று தொடங்கினார்.